கூட வருவதற்கு ஓர் ஆள்

கணவனிடம் அடிபட்ட பெண் ஒருத்தி, இனிப் பொறுப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் போவது அனைத்து மகளிர் காவல் நிலையம். மனு கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். பிறகு அரசு மருத்துவமனை. காயத்தைக் காட்டி, விபத்துப் பதிவேட்டின் நகலான ஏ.ஆர். காப்பி வாங்க வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் நிவாரணம் கேட்கப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். அவர் மாவட்டத் தலைநகரில் இருப்பார். இலவச வழக்கறிஞர் வேண்டுமென்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு. உத்தரவு வாங்க மாஜிஸ்திரேட் நீதிமன்றம். தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளையைச் சேர்க்க ஒரு பள்ளி. ரேஷன் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலகம். ஏழு இடங்கள், ஏழு வரிசைகள். ஒவ்வோர் இடத்திலும், “என்னம்மா நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு” என்பார்கள். முதல் அடி விழுந்த நாளிலிருந்து அவள் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இடுப்பில் கைக்குழந்தை இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும்.

இந்த ஏழு இடங்களும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய மகளிர் காவல் நிலையங்கள் இன்று இருநூறைத் தாண்டிவிட்டன. 181 என்ற எண்ணுக்கு நள்ளிரவில் அழைத்தாலும் எதிர்முனையில் ஒரு பெண் குரல் பேசுகிறது. மாவட்டந்தோறும் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எந்தப் பெண்ணும் இலவச சட்ட உதவி கேட்கலாம். கதவுகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுவரை அவளோடு நடந்து வர ஆளில்லை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான நம் சேவைகளில் இதைவிடப் பெரிய ஓட்டை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. 18 முதல் 49 வயதுவரையுள்ள, மணமான தமிழகப் பெண்களில் 38.1% பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாக அதில் சொன்னார்கள். நாடு முழுமைக்குமான அளவு 29.3%. படிப்பிலும் வேலையிலும் சுகாதாரத்திலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலம், இந்தப் பட்டியலில் எங்கே நிற்கிறது என்பதை நாம் பேசுவதே இல்லை. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொல்கிறது. உடலளவிலோ பாலியலாகவோ வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி கேட்டவர்கள் 14% மட்டுமே. 77% பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாய்திறக்கவும் இல்லை. உதவி கேட்ட சிலரிலும் பெரும்பாலோர் நாடியது தாய்வீட்டைத்தான். காவல் நிலையப் படியேறியவர்கள் மிகச் சிலரே. ஆகவே, அரசு அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்து சேர்கிறாள் என்றால், அதற்கு முன்னால் அம்மா, அண்ணன், மாமியார், பெரியவர்கள் என்று பல பஞ்சாயத்துகளைத் தாண்டித்தான் வருகிறாள். பொறுத்துப் போ என்ற சொல்லை அவள் ஏற்கெனவே பலமுறை கேட்டுவிட்டாள். வந்த இடத்திலும் அதையே கேட்டால் அவள் வேறெங்கே போவாள்?

மகளிர் காவல் நிலையம் ஒன்றில் நான் பார்த்த காட்சி இது. பெஞ்சில் ஒரு பெண், பக்கத்தில் அவள் அம்மா. மகளின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வளையலைக் கழற்றிவிட்டு ஈரத் துணி சுற்றியிருந்தார்கள். அம்மாவின் மடியில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் நாலாக மடித்த ஏ.ஆர். காப்பி, ஆதார் ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை. எதிரே கணவனும் அவன் பக்கத்து ஆட்கள் மூன்று பேரும். இன்ஸ்பெக்டர் நல்லவர், குரலை உயர்த்தாமல்தான் பேசினார். “ரெண்டு பேரும் சின்ன வயசு. புள்ள மூஞ்சியப் பாருங்க. ஒரு மாசம் சேந்து இருந்து பாருங்க, அப்பவும் சரிப்படலேன்னா வாங்க.” அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமலே, “போன தடவையும் இதத்தான் மேடம் சொன்னீங்க” என்றாள். இனிமேல் அடிக்க மாட்டேன் என்று கணவன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். அவளும் கையெழுத்துப் போட்டாள், இடது கையால். அந்த மேசையில் அவள் பக்கம் இருந்து, ‘இது சமரசம் பேசும் விஷயம் இல்லை மேடம், புகாரைப் பதிவு செய்யுங்கள்’ என்று சொல்ல யாருமே இல்லை. அம்மாவுக்குச் சட்டம் தெரியாது. கணவன் வீட்டாருக்கோ பேசத் தெரிந்த ஆள் இருந்தார்.

அந்த இன்ஸ்பெக்டரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்தோபஸ்து, திருவிழா, குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குகள், நீதிமன்ற சம்மன் என்று அவருக்கிருக்கும் ஆட்களைக் கொண்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால், எத்தனை குடும்பங்களைச் சேர்த்துவைத்தோம் என்பதைச் சாதனையாகச் சொல்லும் வழக்கம் நம் அமைப்புகளில் வேரோடியிருக்கிறது. சேர்த்துவைத்த பிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று போய்ப் பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, குடும்பத் தகராறுகளில் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்றும் ஒரு விலக்கு கொடுத்தது. குறுகிய காலத்துக்கென்று கொடுத்த அந்த விலக்கு, நடைமுறையில் மாதக்கணக்கில் நீள்கிறது.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை எழுதியவர்கள் பெண்ணின் நிலையைப் புரிந்துகொண்டுதான் எழுதினார்கள். மனு வந்த மூன்று நாட்களுக்குள் முதல் விசாரணை, அறுபது நாட்களுக்குள் முடிவு என்பது அதன் கணக்கு. அடித்தவனைச் சிறைக்கு அனுப்பாமலேயே அடியை நிறுத்தவும், வீட்டில் இருக்கும் உரிமையைக் காக்கவும், பராமரிப்புத் தொகையும் குழந்தையின் பொறுப்பும் பெறவும் வழி செய்கிறது. மாமனார் பெயரில் இருக்கும் வீடானாலும் அவள் வாழ்ந்த வீடு என்றால் அங்கே இருக்க உரிமை கோரலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மனைவிமீதான பாலியல் வல்லுறவை இன்றுவரை குற்றமாக ஏற்காத நம் குற்றவியல் சட்டத்துக்கு நடுவில், மணவாழ்வுக்குள் நடக்கும் பாலியல் வன்முறையை வன்முறை என்று பெயர் சொல்லி அழைப்பது இந்தச் சட்டம்தான். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் கணவனுக்கான அந்தப் பழைய விதிவிலக்கை அப்படியே வைத்துக்கொண்டது. அதனால், படுக்கையறையில் வதைபடும் பெண்ணுக்கு இந்த ஒரு கதவுதான் திறந்திருக்கிறது.

அந்தக் கதவுக்குச் சாவி பாதுகாப்பு அலுவலரிடம் இருக்கிறது. நிகழ்வு அறிக்கை எழுதுவது, மனுவை நீதிமன்றம் கொண்டுசெல்வது, தங்குமிடம் ஏற்பாடு செய்வது, உத்தரவு மீறப்பட்டால் கவனிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இப்படிப்பட்டவர் பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒருவர். தாளவாடி மலையில் இருக்கும் பெண் ஈரோட்டில் இருக்கும் அலுவலரைப் பார்க்க, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, பண்ணாரி, சத்தியமங்கலம் வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். போய்ச் சேர்ந்தால், “சார் மீட்டிங்ல இருக்காங்க, நாளைக்கு வாங்க.” நாளைக்கு அவள் வருவாளா? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மாவட்ட அளவிலும் வட்ட அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஏற்கெனவே வேறு பத்து வேலை பார்க்கும் அலுவலரின் கோப்பில் இந்தப் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டால் உத்தரவு நிறைவேறியதாகக் கணக்குக் காட்டிவிடலாம். அப்படித்தான் ஆகிவிடுமோ என்பது என் கவலை.

ஒருங்கிணைந்த சேவை மையங்கள் இந்த அலைச்சலைக் குறைக்கத்தான் வந்தன. 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டு வல்லுறவுக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட உஷா மெஹ்ரா ஆணையம், மருத்துவம், காவல், சட்டம், மனநலம் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2015 ஏப்ரல் முதல், பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் திட்டம் தொடங்கியது. மாவட்டத்துக்கு ஒரு மையமாவது வேண்டும் என்று 2018இல் நிபுண் சக்ஸேனா வழக்கில் உச்ச நீதிமன்றமும் வற்புறுத்தியது. இந்த மையங்களில் பணியாற்றும் பெண்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அழுதுகொண்டு வரும் பெண்ணுக்கு டீ போட்டுக் கொடுத்து, பிள்ளைக்குப் பால் காய்ச்சி, விடியும்வரை கூட உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் தொகுப்பூதியம், ஒப்பந்தம். நிதி டெல்லியிலிருந்து தாமதமானால் சம்பளமும் தாமதமாகும். பாதுகாப்பான வாழ்க்கைக்கு வழிகாட்ட வேண்டியவர்களின் வாழ்க்கைக்கே உத்தரவாதம் இல்லை. அனுபவம் கூடும்போது அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பாதிக்கப்பட்ட பெண் அடுத்த தடவை வரும்போது அங்கே புதிய முகம். மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

சேவை மையத்தில் தங்கலாம், அதிகபட்சம் ஐந்து நாள். அவசரத்துக்கு அது போதும்தான். அதன்பிறகு அவளுக்கு வேண்டியவை மிகச் சாதாரணமானவை. அதனாலேயே யாருடைய திட்டத்திலும் இடம்பெறாதவை. வாடகைக்கு ஓர் அறை வேண்டும். “புருஷன் எங்க?” என்ற முதல் கேள்விக்கே பாதி வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள், மீதிப் பேர் முன்பணம் கேட்பார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அது தெரிந்த ஒருவர் கூட வந்தால் தலைமையாசிரியர் சேர்த்துக்கொள்கிறார். அவள் மட்டும் போனால் டி.சி. கொண்டுவா என்கிறார். ரேஷன் அட்டை கணவன் வீட்டில் மாட்டிக்கொள்கிறது. அட்டையில் பெயர் நீக்கி, புதிய அட்டை வாங்கி, அதன்பிறகுதான் மற்ற நலத்திட்டங்களை எட்டிப்பார்க்க முடியும். வங்கிக் கணக்கின் செல்பேசி எண் அவனுடையது. சான்றிதழ்கள் அவன் பீரோவில். இத்தனை சின்ன முடிச்சுகளையும் அவிழ்க்க முடியாமல்தான் பல பெண்கள் திரும்பிப் போகிறார்கள். திரும்பிப் போனவளைப் பார்த்து, ‘பார்த்தீர்களா, அவளே சமாதானமாகிவிட்டாள்’ என்று ஊர் சொல்கிறது.

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கொண்டுவரப்படும் பெண்களில் பலர் முதல் நாள் சொல்வது, “அடுப்பு வெடிச்சிடுச்சு.” கட்டில் பக்கத்திலேயே கணவனோ மாமியாரோ நிற்கும்போது வேறென்ன சொல்வாள்? பிள்ளைகள் அவர்கள் வீட்டில் இருக்கும்போது வேறென்ன சொல்வாள்? நாட்கள் போய், நம்பிக்கையான ஒருவர் தினமும் வந்து உட்கார்ந்து பேசிய பிறகுதான் உண்மை மெல்ல வெளியே வரும். பி.சி.வி.சி. என்று அறியப்படும் சென்னைத் தொண்டு நிறுவனம் இந்தப் பெண்களோடு நீண்ட காலமாகப் பணியாற்றுகிறது. ‘விடியல்’ என்பது அவர்களின் மறுவாழ்வு முயற்சி. தீக்காயம் ஆறிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. தோல் இழுத்துக்கொள்ளாமல் இருக்க, இறுக்கமான அழுத்த ஆடையை மாதக்கணக்கில், குளிக்கும் நேரம் தவிர நாள் முழுதும் அணிந்திருக்க வேண்டும். சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கழுத்தைத் திருப்ப, விரலை மடக்க, இட்லி பிட்டுச் சாப்பிட மறுபடி பழக வேண்டும். கண்ணாடி பார்க்கப் பழக வேண்டும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போவதைத் தாங்கப் பழக வேண்டும். ஒருநாள் ஆலோசனையில் முடிகிற காரியமா இது? வருடக்கணக்கில் ஒருத்தியின் கூட இருப்பதுதான் இந்தச் சேவை. அரசின் எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

பாலியல் வன்முறையில் நேரம் இன்னும் கடுமையானது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆவது பிரிவு சொல்கிறது. மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்ப எந்த மருத்துவருக்கும் அதிகாரம் இல்லை. இருவிரல் பரிசோதனை பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்று 2013இல் சொன்ன உச்ச நீதிமன்றம், அது நிற்காததால் 2022 அக்டோபரில் மறுபடி, இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த உரிமைகளை அந்த நள்ளிரவில், அந்த நிலையில் இருக்கும் பெண் தானே எடுத்துப் பேச முடியுமா? பக்கத்தில் நிற்பவர் பேச வேண்டும்.

பக்கத்தில் நிற்பவர்மீது நம்பிக்கை வரவேண்டும் என்றால் பெயர் வெளியே போகக் கூடாது. இதில் நாம் மோசமாகத் தவறியிருக்கிறோம். 2019இல் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல் துறைப் பேட்டியிலும் அரசாணையிலும் வெளியானது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் வன்முறைப் புகாரின் முதல் தகவல் அறிக்கை வெளியில் கசிந்தது; அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெயர் வெளியான ஒவ்வொரு தடவையும் புகார் கொடுக்க நினைத்திருந்த எத்தனையோ பெண்கள் பின்வாங்கியிருப்பார்கள். அவர்களை எந்த இழப்பீடும் எட்டாது.

அப்படியிருந்தும் பொள்ளாச்சியில் எட்டுப் பெண்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டுகள் அந்தப் பெண்களை உடையாமல் காத்தது எது என்று கேட்டால் வாச்சாத்தி நினைவுக்கு வருகிறது. 1992 ஜூன் 20 அன்று வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் புகுந்த அந்த மலையடிவாரக் கிராமத்தில் 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். தீர்ப்பு 2011இல் வந்தது. குற்றவாளிகளின் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. 31 ஆண்டுகள். பழங்குடிப் பெண்கள், படிப்பில்லாதவர்கள், எதிரில் அரசாங்கமே. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தினரும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூட வந்தார்கள். அதைவிட முக்கியம், ஊர் அவர்களை ஒதுக்கிவைக்கவில்லை. நடந்தது அந்தப் பதினெட்டுப் பேரின் அவமானம் என்று வாச்சாத்தி நினைத்திருந்தால் வழக்கு என்றோ செத்திருக்கும்.

ஊர் கூட வருவது என்பதற்கு நம்மிடம் வேறு முன்னுதாரணங்களும் உண்டு. ஆண்கள் மட்டுமே உட்காரும் முஸ்லிம் ஜமாஅத்தில் பெண்களின் மணவிலக்கும் அடிதடியும் தீர்மானிக்கப்படுவதை எதிர்த்து, புதுக்கோட்டையில் ஷரீபா கானம் பெண்களுக்கான ஜமாஅத்தைக் கூட்டினார். 2021இல் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டு, மேற்பார்வையாளர் கைதானதைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையேற்று நடத்தும் தொழிற்சங்கமான டி.டி.சி.யூ. போராடியது; 2022 ஏப்ரலில், வேலையிடத்தில் பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி, 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் பெண் தொழிலாளர்களே கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பக்கத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவளிடமே சொல்லலாம், ஆங்கிலம் தெரிந்த அதிகாரியைத் தேடிப் போக வேண்டாம் என்ற நிலை வந்தது. மும்பையில் 2000ஆம் ஆண்டில் பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் செஹத் அமைப்பும் தொடங்கிய ‘திலாசா’ இன்னொரு வழியைக் காட்டியது. காயத்தோடு வரும் பெண்ணிடம் மருத்துவமனைச் செவிலியரே தனியாக உட்கார்ந்து கேட்கப் பழக்கினார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பு நடத்தும் ‘ஸ்நேஹிதா’ உதவி மையமும் பெண்களோடு கூட நிற்கும் வகைதான்.

நம்மிடமும் வீட்டுக்குள் போய்வரும் பெண்கள் இருக்கிறார்கள்: கிராம சுகாதாரச் செவிலியர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர், சுயஉதவிக் குழுவின் ஊக்குநர். கர்ப்பிணியின் ரத்த அழுத்தம் பார்க்கும்போது கைத் தழும்பும் கண்ணில் படும். ஆனால், ‘இதையும் நீங்களே பாருங்கள்’ என்று அவர்கள் தலையில் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஏற்கெனவே குறைந்த ஊதியத்தில் அளவுக்கு மீறி வேலை செய்பவர்கள் அவர்கள். கண்டுபிடித்துத் தகவல் சொல்வதுவரை அவர்கள் பங்கு. அங்கிருந்து பொறுப்பேற்க, முழுநேர ஊதியம் பெறும் துணையாளர் ஒருவர் வட்டந்தோறும் வேண்டும்.

இது புதிய கற்பனை இல்லை. போக்சோ விதிகளில், விசாரணை முதல் வழக்கு முடியும்வரை குழந்தையின் கூடவே இருக்க ஓர் ‘ஆதரவு நபர்’ வேண்டும் என்று ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதைச் சரியாக நடைமுறைப்படுத்தும்படி வலியுறுத்தியது. பதினேழு வயதில் வன்முறைக்கு ஆளானவளுக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட அந்தத் துணை, பதினெட்டு முடிந்த மறுநாள் ஆளானவளுக்கு இல்லாமல் போகிறது. பதினெட்டு வயதில் ஒருத்திக்கு நீதிமன்றம் பழகிவிடுமா, பயம் போய்விடுமா? தமிழ்நாடு நினைத்தால் இந்த ஏற்பாட்டை வயதுவந்த பெண்களுக்கும் விரிவாக்கலாம். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. சகி மையங்களில் இப்போது ஒப்பந்தத்தில் உழைப்பவர்களுக்குக் காலமுறை ஊதியம் கொடுத்து அவர்களிடமிருந்தே தொடங்கலாம். பணிபுரியும் மகளிருக்காக அரசு கட்டியிருக்கும் ‘தோழி’ விடுதிகளில், பிள்ளையோடு வரும் பெண்களுக்கென்று சில அறைகளை ஆறு மாதம்வரை ஒதுக்கலாம். காவல் நிலையத்தில் சமரசப் பேச்சு நடக்குமானால், பெண்ணின் தரப்பில் துணையாளர் இல்லாமல் அது நடக்கக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை போடலாம். சேர்த்துவைத்த குடும்பங்களின் எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதில், புகார் கொடுத்த பெண் ஓராண்டு கழித்து எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று மாவட்ட ஆட்சியர்கள் கேட்கத் தொடங்கலாம்.

சமூக நலத் துறையின் மானியக் கோரிக்கை ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்துக்கு வருகிறது. உச்ச நீதிமன்றம் சொன்னபடி எந்தெந்த வட்டங்களில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவர்களில் எத்தனை பேருக்கு இது மட்டுமே வேலை, சேவை மையப் பணியாளர்களுக்குக் கடைசியாகச் சம்பளம் வந்தது எந்த மாதம் என்று ஒவ்வொரு தொகுதி உறுப்பினரும் தன் தொகுதியின் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும். அமைச்சர் வட்டவாரியாகப் பதில் சொல்லட்டும், தாளவாடிக்கும் சேர்த்து.